இராபர்ட் வைட்டின் வாழ்வும் சிற்றினத்திற்குட்பட்ட வகைப்பாடும்: தூத்துக்குடித் துறைமுகப் பயிர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் இராபர்ட் வைட் (1796–1872). ஒரே சிற்றினத்திற்குள் காணப்படும் வேறுபாடுகளை எந்த நிலையில் வைத்துப் பெயரிடுவது என்னும் சிக்கலின் பின்னணியில் அவருடைய வாழ்வும் பணியும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக வெளிநாடு சென்ற நிலாவாரையும் பருத்தியும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. உழவர் வழங்கிய பயிர்ப்பெயர்கள் வகைப்பாட்டியலில் பெறவேண்டிய இடமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இராபர்ட் வைட், சிற்றினம், துணைச்சிற்றினம், வகை, நிலாவாரை, உப்பம், கருங்கண்ணி, தூத்துக்குடி.

முன்னுரை

ஒரு தாவரச் சிற்றினத்தைச் சேர்ந்த செடிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மண், மழை, பயிரிடும் முறை ஆகியவற்றால் தோன்றும் வேறுபாடுகள் உண்டு. விதைவழித் தொடர்ந்து வரும் வேறுபாடுகளும் உண்டு. பின்னவற்றுள் எதனைத் தனிச் சிற்றினமாகக் கொள்வது, எதனைத் துணைச்சிற்றினம் அல்லது வகை என ஒரு சிற்றினத்தின் கீழ் அடக்குவது என்பதில் தாவரவியலார் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்து வேறுபட்டு வந்துள்ளனர். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. விதையின் தூய்மையும் சரக்கின் விலையும் மருந்தின் நம்பகமும் அதனைச் சார்ந்துள்ளன. வைட்டின் வாழ்க்கை இச்சிக்கலோடு நெருங்கிய தொடர்புடையது.

இளமையும் சென்னைப் பணியும்

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் உதவி அறுவை மருத்துவராகப் பணியேற்றார். மருத்துவப் பணிக்கிடையே செடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாப்பதில் ஈடுபட்டார். 1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளராக அமர்த்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1828இல், அப்பதவி நீக்கப்பட்டது. அவர் மீண்டும் மருத்துவராக நாகப்பட்டினத்திற்கு அனுப்பப்பட்டார்.

பதவி போயினும் தொகுப்புப் பணி நிற்கவில்லை. 1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது அவர் உடன் கொண்டுசென்ற உலர்தாவரங்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம். அவற்றின் எடை இரண்டு டன். அவை மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான சிற்றினங்களைச் சார்ந்தவை. ஒரே சிற்றினத்திற்குப் பல ஊர்களிலிருந்து பல மாதிரிகள் கிடைத்தமையே இத்தொகுப்பின் சிறப்பு. ஒரு தனிச்செடியைக் கண்டு பெயரிடுபவருக்குப் புலப்படாத இடைநிலை வடிவங்கள் இத்தகைய தொகுப்பிலேயே புலப்படும்.

சிற்றினமும் கிரேக்க எழுத்துகளும்

ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட்டுடன் இணைந்து வைட் உருவாக்கிய இந்தியத் தீபகற்பத் தாவர நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை முதன்மையாகக் கொண்ட லின்னேயசின் முறையை விடுத்து, பல உறுப்புகளின் ஒப்புமையைக் கருதும் இயற்கை முறையை இந்நூல் பின்பற்றியது. சிற்றினத்தின் விளக்கத்தை அடுத்து, அதனுள் அடங்கும் வேறுபட்ட வடிவங்கள் ஆல்ஃபா, பீட்டா முதலிய கிரேக்க எழுத்துகளால் வகைகளாகச் சுட்டப்பட்டன.

இவ்வெழுத்துகளின் பயன் சிறிதன்று. வேறுபாடு உண்டு என்பதை அவை மறைக்கவில்லை. அது தனிச் சிற்றினமாகும் அளவினது என்றும் கூறவில்லை. இடைநிலை வடிவங்களால் இணைக்கப்பட்டவை ஒரு சிற்றினத்தின் வகைகள், இடைவெளியால் பிரிந்தவை வேறு சிற்றினங்கள் என்னும் அளவுகோலுக்கு இம்முறை இடமளித்தது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைப்பகுதிகளின் வறண்ட நிலத்தில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் அறிவியல் பெயர் பெற்றதும் இவ்விருவராலேயே. நூல் முதல் தொகுதியோடு நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையும் துறைமுகப் பயிர்களும்

1834இல் இந்தியா திரும்பிய வைட், பல்லாரியிலிருந்த படைப்பிரிவில் மருத்துவரானார். அப்படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் உடன்வந்தார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இக்காலத்தின் பயன். 1836இல் வருவாய்த்துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய விளைபொருள்களின் சாகுபடியை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பைப் பெற்றார்.

அவற்றுள் பருத்தியும் நிலாவாரையும் தூத்துக்குடியோடு தொடர்புடையவை. முத்துக்குளித்துறையான அவ்வூரில் பொருள்களைத் தரம் பிரிப்பது பழைய தொழில். துளைகளின் எண்ணிக்கையால் வேறுபட்ட பத்துச் சல்லடைகளில் முத்துகள் அளவுவாரியாகப் பிரிக்கப்பட்டன. முத்தின் பருமன் படிப்படியாக மாறுவது. சல்லடையே எல்லையை வகுக்கிறது. செடிகளைப் பிரிப்பவர் வினவ வேண்டியது, எல்லை செடியில் உள்ளதா, பிரிப்பவரின் சல்லடையில் உள்ளதா என்பதேயாகும்.

நிலாவாரை: இரண்டாகக் கருதப்பட்ட ஒன்று

வணிக வழக்கில் அவுரி என்றும் வழங்கும் நிலாவாரை, சாய அவுரியினின்று வேறானது. திருநெல்வேலிப் பகுதியில் இதனைப் பயிரிட்டுப் பரப்பியவர்களுள் ஜார்ஜ் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். இதன் இலை திருநெல்வேலி நிலாவாரை என்னும் பெயரில் ஏற்றுமதியாயிற்று. எகிப்திலிருந்து வந்த அலெக்சாந்திரியா நிலாவாரை அதற்குப் போட்டியாக விளங்கியது. முன்னதன் சிற்றிலை நீண்டு ஒடுங்கியது; பின்னதன் சிற்றிலை குறுகிய நீளமுடையது. காய்களின் அகலமும் வேறுபட்டது. இவற்றைக் கொண்டு தாவரவியலார் இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகக் கருதினர். அரேபியாவோடு தொடர்புடைய ஒடுங்கிய இலைவடிவத்திற்கு வால் 1790இலேயே பெயரிட்டிருந்தார். 20ஆம் நூற்றாண்டில், 1958இல், பிரெனன் இரண்டையும் ஒரே சிற்றினத்தில் அடக்கினார். மில்லர் 1768இல் இட்ட சென்னா அலெக்சாந்திரினா என்பதே இன்று இரண்டுக்கும் உரிய பெயர். எனினும் மருந்து வணிகத்தில் ஊர்ப்பெயர்கள் நிலைத்துள்ளன.

பருத்தி: ஒன்றாகக் கருதப்பட்ட இரண்டு

பருத்தியில் இதற்கு மறுதலையான நிலை காணப்படுகிறது. திருநெல்வேலிக் கரிசலில் உப்பம், கருங்கண்ணி என்னும் இருவகைப் பருத்திகள் விளைந்தன. உழவர்கள் அவற்றை வேறு பெயர்களால் அறிந்திருந்தனர். வணிகத்தில் இரண்டும் கலந்து திருநெல்வேலிப் பருத்தி என்னும் ஒற்றைப் பெயரைப் பெற்றன. இன்றைய வகைப்பாட்டில் உப்பம் காசிப்பியம் ஹெர்பேசியம் என்னும் சிற்றினத்தையும், கருங்கண்ணி காசிப்பியம் ஆர்போரியம் என்னும் சிற்றினத்தையும் சார்ந்தவை. ஹெர்பேசியத்தின் புறப்புல்லி நீளத்தைவிட அகலம் மிக்கது. விளிம்பில் பல பற்களுடன் விரிந்து நிற்கும். ஆர்போரியத்தின் புறப்புல்லி நீண்டு, காயை ஒட்டி மூடியிருக்கும். நுனியில் சில பற்களே இருக்கும். இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை வளமாக இருக்கும். இரண்டாம் தலைமுறையில் நலிவு தோன்றும். ஒரே நிலத்தில் நெடுங்காலம் கலந்து விளைந்தும் இரண்டும் தம் தனித்தன்மையை இழக்காமைக்கு இது ஒரு காரணம்.

வைட்டின் அலுவல் 1842 முதல் வேறு திசையில் சென்றது. கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளின் கண்காணிப்பாளராக 1853 வரை அவர் பணியாற்றினார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழை தேவைப்பட்டதே இம்முயற்சியின் நோக்கம். உள்ளூர்ப் பருத்தியை அது அகற்றவில்லை. ஆசியப் பருத்திகளுக்குக் குரோமோசோம்கள் 26. அமெரிக்கப் பருத்திக்கு 52. இவ்விடைவெளி அவர் காலத்தில் அறியப்படாதது.

வைட்டின் பெயர் பருத்தி வகைப்பாட்டில் நிலைபெற்ற விதம் கருதத்தக்கது. பலெர்மோவைச் சார்ந்த தொதாரோ, இந்தியப் பருத்தி ஒன்றைத் தனிச் சிற்றினமாகக் கொண்டு அதற்கு வைட்டியானம் எனப் பெயரிட்டார். 1907இல் ஜார்ஜ் வாட் அதனை வேறொரு சிற்றினத்தின் வகையாக இறக்கினார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹட்சின்சன் அதனை ஹெர்பேசியத்தின் புவிசார் இனப்பிரிவுகளுள் ஒன்றாக்கினார். உப்பம் அப்பிரிவில் அடங்கும். பெயர் ஒன்றே, அது பெற்ற நிலைகள் மூன்று.

ஓவியர்களும் இறுதிக்காலமும்

வைட் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுப்பு ஆறு தொகுதிகளில் 2101 படங்களைக் கொண்டது. ரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்கள் அவருக்காகப் படங்களை வரைந்தனர். கோவிந்துவின் பெயரால் ஆர்க்கிட் பேரினம் ஒன்றையே வைட் அமைத்தார். அப்பேரினம் பின்னர் வேறொன்றில் இணைக்கப்பட்டது. 1853இல் இங்கிலாந்து திரும்பிய வைட், ரெடிங் நகருக்கு அருகிலுள்ள கிரேஸ்லியில் வாழ்ந்தார். 1871இல் தம் உலர்தாவரத் தொகுப்பைக் கியூ தோட்டத்திற்கு அளித்தார். 1872 மே 26ஆம் நாள் மறைந்தார்.

முடிவுரை

தாவரவியலார் இரண்டெனப் பிரித்த நிலாவாரை இன்று ஒன்றாயிற்று. வணிகர் ஒன்றெனக் கலந்த பருத்தி இரண்டாயிற்று. பின்னதில் உழவர் வழக்கே அறிவியலின் முடிவோடு ஒத்துள்ளது. பெயர் மயங்கியதன் இழப்பும் உழவரையே சார்ந்தது. தரங்குறைந்த புளிச்சைப் பருத்தி கருங்கண்ணியோடு கலந்து விலையைக் கெடுத்ததனால், 1932இல் சென்னை மாகாணத்தில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உழவர் வழங்கும் பெயர்கள் எல்லாம் சிற்றினங்களைக் குறிப்பன எனக் கொள்ள இயலாது. புளிச்சையும் கருங்கண்ணியும் ஒரே சிற்றினத்தின் உட்பிரிவுகளாயினும் வேறு பெயர் பெற்றன. ஆயினும் ஒவ்வொரு பெயரும் விதையில் தொடரும் ஒரு வேறுபாட்டின் பதிவாகும். அதன் நிலையை உறுதிசெய்யப் பல இடங்களின் மாதிரிகளை ஒப்பிடவேண்டும் என்பதை வைட்டின் இரண்டு டன் தொகுப்பு உணர்த்துகிறது. கரிசல் வட்டாரத்தின் பயிர்ப்பெயர்களைத் தொகுக்கும் தமிழ் அகராதிப் பணியும் மாதிரிகளோடு இணைந்து நடைபெறுதல் வேண்டும். பெயர் மட்டும் ஏட்டில் நின்று, செடி அடையாளம் தெரியாமல் மறையுமாயின், அது எதனைக் குறித்தது என்பதைப் பின்வருவோர் அறிய வழியிராது.