பூனைக்குக் கண் எழுதிய ஓவியர்

அந்தமானில் வங்காளிகளோடு அடுத்தடுத்துக் குடியிருக்கும் நம்மவர்கள் அவர்கள் வீட்டு நாட்காட்டியில் ஒரு படத்தைப் பார்த்திருக்கலாம். காதுவரை நீண்ட கண்கள், தடித்த கறுப்புக் கோடு, நாலைந்தே வண்ணங்கள். அது ஜாமினி ராயின் பாணி.

1887-ல் பாங்குரா மாவட்டம் பேலியாத்தோர் கிராமத்தில் பிறந்தவர். 16-ம் வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து ஐரோப்பிய முறையைக் கற்றார். பெரிய மனிதர்களின் உருவப்படம் தீட்டி நல்ல பெயரும் வரும்படியும் பெற்றார். 1920-களில், முப்பத்தைந்து வயதுக்கு மேல், அதைக் கைவிட்டார். அந்த ஓவியம் இரவல் சரக்கு என்று அவருக்குப் பட்டது. பிள்ளைகுட்டிக்காரர். வீட்டில் வறுமை புகுந்தது. அவர் திரும்பிப் போகவில்லை.

அவருக்குப் புது வழி காட்டியவை காளிகாட் கோயில் வாசலில் பக்தர்களுக்கு மலிவாக விற்கப்பட்ட படங்கள். அவற்றில் ஒரு பூனை உண்டு. நெற்றியில் வைணவ நாமம், வாயில் இறால்! போலிச் சாமியாருக்கு வைத்த சூடு அது. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்கிற நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையும் இதே ஜாதிதான். ஜாமினி ராயும் இறாலைக் கவ்விய பூனைகளை வரைந்தார். ஆனால் கேலியைக் குறைத்து, கண்ணைப் பெரிதாக்கினார்.

ரஷ்யாவிலும் இப்படி நடந்திருக்கிறது. சந்தையில் விற்ற மலிவுப் படங்களில் எலிகள் பூனையை அடக்கம் செய்யக் கொண்டு போகும். செத்த பூனை பீட்டர் மன்னர் என்பார்கள். 1914-க்கு முன்பே லரியோனோவ், கோன்சரோவா போன்ற புதுமை ஓவியர்கள் அப்படங்களைத் தேடிப் பிடித்துப் பாடம் கற்றார்கள்.

பாங்குராவின் மண் குதிரையையும் இவர் விடவில்லை. நம் அய்யனார் கோயில் குதிரை போல அதுவும் நேர்த்திக்கடன் குதிரைதான்.

சீமை வண்ணத்தையும் விலக்கினார். காவி மண், சுண்ணம், விளக்குக் கரி, அவுரி நீலம். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. துணி, பாய், பலகை எல்லாம் அவருக்குக் கித்தான். சாதாரணக் குடும்பமும் வாங்கவேண்டும் என்று விலையைக் குறைவாகவே வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தா வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள்கூட வாங்கிப் போனார்கள். 1954-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1972-ல் காலமானார். 1976-ல் அவர் படைப்புகளை தேசியக் கலைச் செல்வமாக அரசு அறிவித்தது. அதன்பின் அவற்றை வெளிநாட்டுக்கு விற்றனுப்ப முடியாது.

கிராமத்துப் பட்டறை போலவே அவர் வீட்டிலும் மகன் கூட உட்கார்ந்து வரைந்தார். கையெழுத்து விஷயத்தில் பெரியவருக்குக் கறார் கிடையாது. எது தகப்பன் கை, எது மகன் கை என்று ஏலக்காரர்கள் இன்றும் தலையைச் சொறிகிறார்கள்.