ஆந்த்ரே கயாட்: பிள்ளைகள் செய்த கொலைக்குப் பெற்றோரை விசாரித்த இயக்குநர்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஏறினால் இடுக்கி மாவட்டம். 'த்ரிஷ்யம்' (2013) கதை நடப்பது அந்த மாவட்டத்து ராஜாக்காட்டில்தான். தமிழில் 'பாபநாசம்' பார்த்திருப்பீங்க. மகளுக்காகக் கொலையை மறைக்கும் அப்பா பக்கம்தானே நின்னீங்க?

பெற்றோரைப் பற்றி வேறொரு கேள்வியை 1954-லேயே எழுப்பியவர் பிரெஞ்சு இயக்குநர் ஆந்த்ரே கயாட்.

1909-ல் கார்கசோனில் பிறந்த இவர் முதலில் வழக்கறிஞர். பிறகு நீதிமன்றத்தையே சினிமாவுக்குள் கொண்டுவந்தார். நடுவர் குழுவைப் பற்றிய அவரது படம் 1950-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. 1952-ல் மரண தண்டனைக்கு எதிராக ஒரு படம் எடுத்தார்.

அடுத்து வந்ததுதான் 'அவான் லெ டெலூஜ்'. கொரியப் போர்க் காலம். இன்னொரு உலகப் போருக்குப் பயந்து, தொலைதூரத் தீவுக்கு ஓடிப்போகத் திட்டமிடும் இளசுகள் பணத்துக்காகத் திருடப் போறாங்க. அதில் காவலாளி ஒருவர் சாகிறார். காட்டிக்கொடுத்துடுவான்னு சந்தேகப்பட்டு, கூட்டாளி ஒருவனையே கொல்றாங்க. கூண்டில் நிற்பது பிள்ளைகள். கயாட் விசாரிப்பது பெற்றோரை.

1989-ல் பாரிஸில் அவர் காலமானார். 'பாபநாசம்' அப்பா கொலைக்குப் பிறகு ஓடி வந்தார். கயாட் கேட்டது, அதுக்கு முன்னாடி வீட்டில் பெரியவங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க என்பதை.