வள்ளல் அழகப்பர்

நுழையும்முன்

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைத் தெருக்களில் மிளகும் இஞ்சியும் ஏலமும் மணக்கின்றன. பல ஊர்களிலிருந்தும் பல மொழி பேசுவோர் இங்கு வந்து உழைத்து வாழ்கின்றனர். அவர்களுள் தமிழரும் உள்ளனர். பிறந்த மண்ணை விட்டு வந்து ஈட்டும் பொருள் யாருக்குப் பயன்பட வேண்டும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

கொச்சியிலிருந்து திருச்சூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆம்பல்லூருக்கு அருகே அழகப்பா நகர் என்னும் ஊர் உள்ளது. மலையாள மண்ணில் உள்ள இவ்வூர் தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொச்சி தனி அரசாக இருந்த காலத்தில், 1937ஆம் ஆண்டு, அவர் அங்கு நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலையால் பலருக்கு வேலை கிடைத்தது. ஆலையைச் சுற்றி ஊரும் வளர்ந்தது. அவரே காரைக்குடி வள்ளல் இராம. அழகப்பச் செட்டியார்.

இளமையும் கல்வியும்

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். அவ்வூர் செட்டிநாட்டைச் சேர்ந்தது. செட்டிநாடு மழை குறைந்த வறண்ட நிலம். ஆதலால் அங்கு வாழ்ந்த நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று வணிகம் செய்தனர். ஈட்டிய பொருளைக் கொண்டு ஊரில் பெரிய வீடுகள் கட்டினர், கோவில்களைப் புதுப்பித்தனர், வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் அமைத்தனர்.

இளம் வயதிலேயே தொழிலில் இறங்குவது அச்சமூகத்தின் வழக்கம். அழகப்பரோ கல்வியை நாடினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். நகரத்தாருள் முதன்முதலாக அப்பட்டம் பெற்றவர் அவரே. பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் வங்கிப் பணியில் பயிற்சி பெற்றார். வானூர்தி ஓட்டவும் கற்றார். இளமையிலேயே கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் துன்புறுத்தியபோதும் அவருடைய ஊக்கம் குறையவில்லை.

தொழில் வளர்ச்சி

தாயகம் திரும்பிய அழகப்பர் பல தொழில்களில் ஈடுபட்டார். கொச்சி நாட்டில் நூற்பாலை, மலேயாவில் இரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம் என அவருடைய தொழில்கள் பரந்து விரிந்தன. காப்பீடு, பங்கு வணிகம், வானூர்திப் போக்குவரத்து ஆகியவற்றிலும் அவர் கால் பதித்தார். ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

தொழிற்கல்விக்கு வித்து

ஆலை நடத்தியபோது அழகப்பர் ஓர் உண்மையை உணர்ந்திருந்தார். பொறிகளை விலை கொடுத்து வாங்கலாம். அவற்றை இயக்கும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது. இந்திய இளைஞர்கள் தொழில்நுட்பம் பயில அக்காலத்தில் கல்லூரிகள் மிகச் சிலவே இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்க அவர் விரும்பினார். அழகப்பர் அதற்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1944ஆம் ஆண்டு தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட்டன. இன்று அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகத் திகழ்கிறது.

அவர் தமிழையும் மறக்கவில்லை. அப்போதைய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய 1 இலட்சம் ரூபாய் அளித்தார். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை பின்னாளில் அங்குப் பேராசிரியராகப் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகமே இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். கேரளத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் தம் தாய்மொழியில் உயர்கல்வி பெற அக்கொடை வழிவகுத்தது.

சொல்லும் செயலும்

1947ஆம் ஆண்டு அன்னிபெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் பேசிய இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகளைத் தொடங்க முன்வர வேண்டும் என்று வேண்டினார். அதனைக் கேட்ட அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி அமைக்க உடனே முடிவு செய்தார். கட்டடம் எழும்பும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. வறண்ட பொட்டல் நிலத்தில் கட்டடங்கள் பின்னர் எழுந்தன.

அதன்பின் மழலையர் பள்ளி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தொழில்நுட்பப் பயிலகம் என நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1952இல் பொறியியல் கல்லூரி உருவாயிற்று. மகளிர் கல்லூரிக்குத் தாம் வாழ்ந்த மாளிகையையே அவர் வழங்கினார். நகரத்தார் குலத்தில் அவருக்கு முன்பே அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். அவ்வழியில், கோவிலுக்கும் சத்திரத்திற்கும் வழங்கிவந்த தம் சமூகத்தாரின் கொடையுள்ளம் கல்விச் சாலைகளின் பக்கமும் திரும்ப அழகப்பர் சான்றாக விளங்கினார்.

காரைக்குடிக்கு வந்த ஆய்வகம்

விடுதலை பெற்ற இந்தியா அறிவியல் ஆய்வகங்களைப் பல இடங்களில் நிறுவத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று மின்வேதியியல் ஆய்வகம். மின்கலன்கள் செய்வது, உலோகங்களுக்கு மின்முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது ஆகியன அதன் ஆய்வுப் பொருள்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் இரும்பு உப்புக் காற்றில் அரிக்கப்படுவதைக் கண்டோர் அதன் தேவையை எளிதில் உணர்வர்.

பெருநகரங்களில் அமைவதற்குரிய அவ்வாய்வகத்தைச் சிற்றூர்கள் சூழ்ந்த காரைக்குடிக்குக் கொணர அழகப்பர் விரும்பினார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க முன்வந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

நிலைத்த புகழ்

1956ஆம் ஆண்டு இந்திய அரசு அழகப்பருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதற்குள் நோய் அவர் உடலைப் பெரிதும் வாட்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தம் 48ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் மறைந்தார்.

அவர் நிறுவிய கல்வி நிலையங்களின் வளர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில் உருவாயிற்று. கொச்சி நாட்டில் அவர் நிறுவிய ஆலை பின்னாளில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தது. ஆலை கைமாறியது; அவர் ஈட்டிய செல்வமும் செலவாயிற்று. கல்வியாக மாறிய பகுதி மட்டும் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் போய்ச் சேர்கிறது.

சொல்லும் பொருளும்

ஈட்டுதல் – சம்பாதித்தல்
பண்டகசாலை – சரக்குகளைச் சேமித்து வைக்கும் இடம்
பொறி – இயந்திரம்
பொட்டல் – மரம் செடியற்ற வெற்றிடம்

பயிற்சி

1. அழகப்பா நகர் அப்பெயர் பெற்ற காரணம் யாது?
2. நகரத்தார் கடல் கடந்து சென்றது ஏன்?
3. கட்டடம் எழும்பும் முன்பே அழகப்பர் கல்லூரியைத் தொடங்கினார். இச்செயல் அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?
4. கேரளத்தில் வாழும் தமிழருக்கு அழகப்பர் செய்த உதவியை விளக்கி எழுதுக.
5. உன் குடும்பம் கொச்சிக்கு வந்த வரலாற்றை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.