வரதாபாய்: தாராவித் தமிழர்கள் ஒரு தாதாகிட்ட ஏன் நியாயம் கேட்டாங்க?

'நாயகன்' (1987) பார்த்திருப்பீங்க. வேலு நாயக்கர் வீட்டு வாசல்ல நியாயம் கேட்டு ஜனங்க நிற்பாங்களே? அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதல் வரதராஜன் முதலியார். மும்பைத் தமிழர்களுக்கு 'வரதாபாய்'. படத்தை விட்டுட்டு நிஜக் கதையைப் பார்ப்போம்.

யார் இவர்?

1926-ல் பிறந்தவர். பிழைப்புத் தேடி பம்பாய் வந்து, விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன்ல போர்ட்டரா மூட்டை தூக்கினார். அது மதுவிலக்குக் காலம். கள்ளச்சாராயத்துல காசு கொட்டுச்சு. அதுல இறங்கினார். அடுத்து துறைமுகச் சரக்குத் திருட்டு, கடத்தல். 1970-களில் ஹாஜி மஸ்தான், கரீம் லாலாவோட சேர்த்துச் சொல்லப்படுற பெயராயிட்டார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துல அவர் போட்ட கணபதி பந்தல் ஊரறிந்தது.

அவர்கிட்ட ஏன் போனாங்க?

1966-ல் தொடங்கின சிவசேனா முதல்ல குறிவெச்சது தென்னிந்தியர்களை. குடிசைத் தமிழருக்கு மராத்தி தெரியாது, கையில வீட்டுப் பத்திரமும் கிடையாது. போலீஸ்கிட்ட போகப் பயம், கோர்ட்டுன்னா வருஷக்கணக்கு. வரதாபாய் தமிழ்ல கேட்டு, உடனே முடிவு சொன்னார்.

இது சமரசமா?

இல்லை. மத்தியஸ்தம்னா, பிடிக்கலைன்னா எழுந்து போற உரிமை ரெண்டு தரப்புக்கும் இருக்கணும். இங்கே தீர்ப்புக்குப் பின்னாடி நின்னது பயம். அப்பீலும் கிடையாது.

எப்படி முடிஞ்சது?

1980-களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் கொடுத்த நெருக்கடியில வரதாபாய் சென்னைக்குப் போனார். 1988 ஜனவரியில் அங்கேயே இறந்தார். உடல் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டது.

அப்புறம்?

அஞ்சே வருஷத்துல, 1992-93 கலவரம். தாராவியும் எரிஞ்சது. அதுக்குப் பிறகுதான் மும்பையில மொஹல்லா கமிட்டிகள் வந்தன. பகுதிவாசிகளும் போலீஸும் சேர்ந்து உட்கார்ந்து, வதந்தி பரவுறதுக்குள்ள பேசித் தீர்க்கிற ஏற்பாடு. மெதுவான வேலை, ஹீரோ கிடையாது. ஆனா ஒருத்தர் விலகினா இன்னொருத்தர் அந்த நாற்காலியில உட்காரலாம். வரதாபாய் நாற்காலியில அது முடியலை.

இப்போ உங்களுக்கு ஏன் இது?

தாராவி மறுசீரமைப்புல யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு இல்லைங்கிற தகராறு ஓடிட்டிருக்கு. அதைப் பொறுமையா, புரியற மொழியில கேட்க அரசு அலுவலகத்துல ஆள் வேணும். இல்லேன்னா, ஜனங்க மறுபடியும் ஒரு 'பாய்' வீட்டு வாசல்லதான் போய் நிற்பாங்க.