வாலஸ்: புக்கிட் தீமாவில் வண்டு தேடியவர்

சிங்கப்பூரின் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குச் செல்வோர் ‘வாலஸ் பாதை’ என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பட்டமோ பணவசதியோ இல்லாமல் 1854 ஏப்ரலில் இங்கு வந்திறங்கியவர்.

1823ல் வேல்ஸில் பிறந்த அவரது பள்ளிப்படிப்பு, குடும்ப வறுமையால் பதினான்கு வயதுவாக்கில் நின்றுபோனது. நில அளவை வேலை பார்த்தார். பின்னர் அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் உயிரினங்களைத் திரட்டினார். 1852ல் நாடு திரும்பும் வழியில் கப்பல் தீப்பிடித்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு எரிந்துபோனது. உயிர் தப்பியதே பெரிது. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் மலாய்த் தீவுக்கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். மரங்கள் வெட்டப்பட்டுக் கிடந்த இடங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. புலிகள் உலவிய காலம் அது. புலிக்காக வெட்டிய குழிகளில் விழாமல் நடப்பதே பெரும்பாடு. பிடித்தவற்றை லண்டனில் ஒரு முகவர் விற்றுத் தந்தார். அந்தப் பணத்தில்தான் அடுத்த பயணம்.

மலாக்காவுக்குப் பிறகு சரவாக் சென்றார். அங்குதான் அவரது வாழ்க்கையின் சங்கடமான பக்கமும் இருக்கிறது. சிமுஞ்சான் அருகே பல ஒராங்ஊத்தான்களைச் சுட்டு வீழ்த்தினார். தாயை இழந்து சேற்றில் கிடந்த ஒரு குட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, பால் கிடைக்காததால் அரிசிக் கஞ்சித் தண்ணீர் ஊட்டி வளர்த்தார். சுமார் மூன்று மாதத்தில் அது இறந்தபோது கலங்கிப்போனார். தாயைச் சுட்டதும் அவரேதான்.

சரவாக்கில் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, வாலஸின் வலக்கரமானார்.

1856ல் பாலியிலிருந்து லொம்போக் சென்ற வாலஸ் திகைத்தார். இடையே குறுகிய நீரிணைதான். ஆனால் பாலியில் கண்ட ஆசியப் பறவைகள் சில மறுகரையில் இல்லை. ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கிளிகள் பறந்தன. இரு உலகங்களைப் பிரிக்கும் அந்த எல்லை இன்று ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது.

1858ல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, இயற்கைத் தேர்வு வழியே புதிய இனங்கள் தோன்றுகின்றன என்ற எண்ணம் அவருக்குப் பிடிபட்டது. அதை எழுதி, தெர்னாத்தே தீவிலிருந்து சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே கருத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உழைத்துவந்த டார்வின் அதிர்ந்துபோனார். அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி, இருவரின் எழுத்துகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை; கடிதம் போய்வர மாதக்கணக்காகும். பின்னாளில் அவர் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. 1869ல் வெளிவந்த தமது பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

எட்டு ஆண்டுகளில் திரட்டியவை 125,000க்கும் அதிகம். அவற்றில் உதவியாளர்கள் கொண்டுவந்தவை ஏராளம். பச்சான் தீவில் அலி சுட்டுவந்த ஒரு சொர்க்கப் பறவை, அறிவியல் பெயரில் வாலஸின் பெயரையே தாங்குகிறது.

1862ல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தனர். அலிக்குப் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, புகைப்படமும் எடுக்கவைத்தார் வாலஸ். அவர் 1913ல், 90 வயதில் இங்கிலாந்தில் காலமானார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், தெர்னாத்தே சென்ற ஓர் அமெரிக்க விலங்கியலாளரை முதியவர் ஒருவர் தேடிவந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் சொன்ன பெயர், அலி வாலஸ்.