ஐந்து டாலர் நோட்டில் இருக்கும் பெரியவர் போர் நேரத்தில் செய்த காரியம்

கனடாவில் இருக்கிற நமக்கு இரண்டு பெரியவர்களின் முகம் நல்ல பழக்கம். நீல நிற ஐந்து டாலர் நோட்டில் ஒருவர், பழுப்பு நிற நூறு டாலர் நோட்டில் இன்னொருவர். ஐந்தில் இருப்பவர் சர் வில்ஃப்ரிட் லோரியே. நூறில் இருப்பவர் சர் ராபர்ட் போர்டன். லோரியே 1896 முதல் 1911 வரை பிரதமர். அவரைத் தேர்தலில் தோற்கடித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் போர்டன். ஆறு வருடம் கழித்து, முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்த 1917இல், முன்னாள் பிரதமர் இந்நாள் பிரதமரை நாடாளுமன்றத்திலும் வீதியிலும் வெளிப்படையாக எதிர்த்தார். துரோகி என்ற பட்டம் உடனே வந்தது.

உலகத்தில் எங்கே சண்டை வந்தாலும் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. பதவியில் இருந்து இறங்கியவர், போர் நடக்கும்போது அடுத்து வந்தவரைக் குறை சொல்லலாமா? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே நாட்டுப்பற்று? நான் ஒஷாவாவில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை, வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நாம் குடியேறிய நாட்டிலேயே ஒரு முழு உதாரணம் இருக்கும்போது, அது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று படுகிறது. ஸ்கார்பரோவில் லோரியே பெயரில் உயர்நிலைப் பள்ளி, வாட்டர்லூவில் பல்கலைக்கழகம். படித்து வந்த பையனிடம் கேட்டால் பழைய பிரதமர் என்பதோடு முடித்துவிடுகிறான்.

லோரியே பிறந்தது 1841 நவம்பர் 20, மொன்றியலுக்கு வடக்கே செயின்ட் லின் என்ற கிராமத்தில். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா விவசாயி, நில அளவையாளரும்கூட. பையன் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று பதினோரு வயதில் பக்கத்து ஊரான நியூ கிளாஸ்கோவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் மத்தியில் தங்கிப் படித்தான். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்கிற நம் பிள்ளைகளின் கதைதான் இதுவும். பிறகு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் சட்டம் படித்து, 1864இல் பட்டம் வாங்கினார். நுரையீரல் பலவீனம். இருமல் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு செய்தது. 1868இல் பியானோ ஆசிரியையான ஸோயியைத் திருமணம் செய்தார். குழந்தைகள் இல்லை.

1874இல் ஆட்டவா நாடாளுமன்றம். 1887இல் லிபரல் கட்சித் தலைவர். 1896இல் பிரதமர். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் கனடியப் பிரதமர் அவர்தான். தொடர்ந்து பதினைந்து வருடம் பதவியில் இருந்தார். இடைவெளி இல்லாமல் அவ்வளவு நாள் வேறு எந்தக் கனடியப் பிரதமரும் இருந்ததில்லை. அவர் காலத்தில்தான் 1905இல் அல்பெர்ட்டா, சஸ்காச்செவான் மாகாணங்கள் உருவாயின. அவருடைய அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன் உக்ரேனியர்கள் உள்படக் கிழக்கு ஐரோப்பிய விவசாயிகளைப் பெருமளவில் கொண்டுவந்து மேற்குப் புல்வெளிகளில் குடியேற்றினார். இந்த விவசாயிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்கள்.

இவரை மகான் ஆக்க நான் வரவில்லை. சீனர்கள் மீதான தலைவரியை 1903இல் 500 டாலராக உயர்த்தியது இவருடைய அரசுதான். பிறந்த நாட்டிலிருந்து நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் அனுமதி என்ற 1908 விதியும் இவர் அரசு கொண்டுவந்ததே. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரக் கப்பல் கிடையாது என்பது தெரிந்தே போட்ட விதி. அதை வைத்துத்தான் 1914இல், போர்டன் ஆட்சியில், 376 பேரோடு வான்கூவர் வந்த கோமகட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நம்மைப் போன்றவர்கள் விஷயத்தில் நீல நோட்டுக்கும் பழுப்பு நோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

1911 தேர்தலில் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. கனடாவுக்குத் தனிக் கடற்படை என்றார். அது பிரிட்டனின் போருக்குப் பிள்ளைகளை இழுத்துப் போகும் வழி என்று கியூபெக்கில் ஹென்றி புராசா எதிர்த்தார். ஒண்டாரியோவில் அந்தக் கடற்படை போதவே போதாது என்றார்கள். கூடவே அமெரிக்காவோடு வரிக்குறைப்பு ஒப்பந்தம் போட்டார். ஒண்டாரியோ தொழிற்சாலை முதலாளிகள் கொதித்தார்கள். ஆட்சி போயிற்று.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. லோரியே என்ன செய்தார்? அரசுக்கு முழு ஆதரவு தந்தார். மேடை மேடையாக ஏறி, இளைஞர்கள் தாமாக முன்வந்து படையில் சேர வேண்டும் என்று கேட்டார், கியூபெக்கிலும்தான். 1916இல் நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிய வேண்டியிருந்தது. போரைக் காட்டித் தேர்தலை ஒரு வருடம் தள்ளிப்போட போர்டன் கேட்டபோது அதற்கும் ஒத்துக்கொண்டார். முதல் இரண்டரை ஆண்டுகளில் அரசைக் கேள்வி கேட்டார், ஆனால் போருக்குக் குறுக்கே நிற்கவில்லை.

1917இல் நிலைமை மாறியது. ஏப்ரலில் விமி மலைமுகட்டில் வெற்றி. ஆனால் நான்கு நாளில் 3,598 கனடியர்கள் செத்தார்கள். தாமாக வந்து சேர்பவர்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. பிரிட்டனிலிருந்து திரும்பிய போர்டன், மே 18 அன்று கட்டாய ராணுவச் சேவை வரும் என்று அறிவித்தார். லோரியேவைக் கூப்பிட்டுக் கூட்டணி அரசில் சேரச் சொன்னார். பதவி, மரியாதை எல்லாம் உண்டு. ஜூன் 6 அன்று லோரியே மறுத்துவிட்டார்.

அவர் கணக்கு இதுதான். கட்டாயச் சேவை வராது என்று போரின் தொடக்கத்தில் மக்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வாக்கை மாற்றுவதென்றால் மக்களையே கேட்க வேண்டும். கேட்காமல் திணித்தால் கியூபெக் ஒரு பக்கம், மற்ற கனடா ஒரு பக்கம் என்று நாடு பிளக்கும். ஏற்கெனவே 1912இல் ஒண்டாரியோ அரசு விதி 17 என்று ஒன்றைப் போட்டு, பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வியை முதல் இரண்டு ஆண்டுகளோடு சுருக்கியிருந்தது. தன் மொழியை ஒடுக்குகிறவர்களுக்காகக் கட்டாயமாகச் சாகப் போவானா என்று கியூபெக்காரன் நினைப்பது அவருக்குப் புரிந்தது. தான் கூட்டணிக்குள் போய்விட்டால் கியூபெக் முழுக்கத் தீவிரவாதிகள் கைக்குப் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

ஆகவே பொதுவாக்கெடுப்பு நடத்துங்கள் என்று நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். மக்கள் கட்டாயச் சேவை வேண்டும் என்று வாக்களித்தால், கியூபெக் அதற்குக் கட்டுப்படத் தானே முன்நின்று உழைப்பதாகவும் உறுதி கொடுத்தார். திருத்தம் தோற்றது. ஆகஸ்ட் 29 அன்று சட்டம் ஆனது. தேர்தலை இரண்டாவது முறையாகத் தள்ளிப்போட வந்த யோசனைக்கு இந்த முறை அவர் சம்மதிக்கவில்லை. தேர்தல் வந்தே ஆக வேண்டிய நிலை.

அப்போதுதான் போர்டன் அரசு செப்டம்பரில் போர்க்காலத் தேர்தல் சட்டத்தைக் கொண்டுவந்தது. போர்வீரர்களின் மனைவி, தாய், சகோதரிகளுக்கு வாக்குரிமை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மற்றப் பெண்களுக்கு இல்லை. கூடவே, எதிரி நாட்டில் பிறந்து 1902 மார்ச் 31க்குப் பிறகு கனடியக் குடியுரிமை பெற்றவர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. எதிரி நாட்டு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சிக்கினார்கள். ஆமாம், சிஃப்டன் கூட்டிவந்த அதே விவசாயிகள்தான். ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்களாகப் பிறந்ததுதான் அவர்கள் குற்றம். பெரும்பாலும் லிபரல் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பதும் தற்செயல் இல்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். கையில் குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறது, சத்தியப்பிரமாணம் எடுத்தாகிவிட்டது, வரி கட்டுகிறோம். ஒரு போர், ஒரு சட்டம், அவ்வளவுதான், பிறந்த ஊரை வைத்து வாக்கு போய்விட்டது. அப்போது எதிர்த்துப் பேச ஒரு முன்னாள் பிரதமர் இருந்தார். போர் நேரம் என்று அவரும் பேசாமல் இருந்திருந்தால் அந்த விவசாயிகளுக்காக அந்த அவையில் யார் பேசியிருப்பார்கள்?

எதிர்த்ததற்கு விலை பெரியது. கட்சி உடைந்தது. ஒண்டாரியோ லிபரல் தலைவர் நியூட்டன் ரோவெல் போர்டன் பக்கம் போய் அமைச்சரானார். சிஃப்டனே கூட்டணி அமைய வேலை பார்த்தார். லோரியேவுக்குப் போடும் வாக்கு ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சருக்குப் போடும் வாக்கு என்று பிரசாரம் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், 1911இல் அவரைக் கவிழ்த்த புராசா இப்போது அவர் பக்கம். 76 வயதில், இருமிக்கொண்டே, குளிரில் ரயிலேறி வான்கூவர் வரை போய்ப் பேசினார். கூட்டம் அலைமோதியது. வாக்கு விழவில்லை. டிசம்பர் 17 முடிவு: போர்டனின் கூட்டணிக்கு 153, லோரியேவுக்கு 82. அந்த 82இல் 62 கியூபெக்கிலிருந்து. ஒண்டாரியோவின் 82 தொகுதிகளில் கிடைத்தது வெறும் 8. மேற்கே மொத்தமும் 2.

போர்டன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒஷாவாவிலிருந்து வடக்கே காரில் போனால் அக்ஸ்பிரிட்ஜ் வரும். அந்த ஊர் எம்.பி. சாம் ஷார்ப், நம் வட்டாரப் பையன்களைத் திரட்டி 116ஆவது பட்டாலியனை உருவாக்கிப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பட்டாலியனின் பாரம்பரியத்தை இன்று சுமப்பது ஒஷாவாவில் இருக்கும் ஒண்டாரியோ ரெஜிமென்ட். போர்முனையில் இருந்தபடியே ஷார்ப் 1917 தேர்தலில் ஜெயித்தார். ஆனால் தன் ஊர்ப் பிள்ளைகள் கண்முன்னே சாவதைப் பார்த்த மனம் உடைந்துவிட்டது. 1918 மே மாதம் மொன்றியல் மருத்துவமனையில் உயிரை மாய்த்துக்கொண்டார். பதுங்குகுழியில் இருப்பவனுக்கு மாற்று ஆள் வேண்டும் என்ற போர்டனின் தவிப்பு பொய்யில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். 1918 ஈஸ்டர் நேரத்தில் கியூபெக் நகரில் கலவரம், ராணுவம் சுட்டு நான்கு பேர் பலி. விவசாயிகளின் மகன்களுக்கு விலக்கு என்று தேர்தலுக்கு முன் சொன்னதை ஏப்ரலில் ரத்து செய்தார்கள். மே மாதம் ஒண்டாரியோ விவசாயிகளே ஆட்டவாவுக்குத் திரண்டு போனார்கள். நாட்டை இப்படிப் பிளந்து கொண்டுவந்த சட்டத்தால் போர் முடிவதற்குள் களத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 24,000 பேர்தான்.

லோரியே 1919 பிப்ரவரி 17 அன்று, 77 வயதில் காலமானார். அவருடைய கடைசி ஊர்வலத்துக்கு ஆட்டவா வீதிகளில் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள். 1917இல் அவர் பக்கம் நின்று தோற்ற மெக்கென்ஸி கிங் அடுத்த தலைவரானார், 1921இல் பிரதமரானார். இரண்டாம் உலகப்போரில் அதே கட்டாயச் சேவைப் பிரச்சினை வந்தபோது, கிங் 1942இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். அப்போதும் கியூபெக் மறுத்தது, வருத்தம் இருந்தது. ஆனால் 1918 போல ரத்தம் சிந்தவில்லை.

அதே 1942இல் நம் ஊரில் ராஜாஜி இருந்தார். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர். ஜப்பான் வாசலுக்கு வந்த நேரத்தில், பிரிட்டனோடு ஒத்துழைக்க வேண்டும், முஸ்லிம் லீக்கோடு சமரசம் வேண்டும் என்று தன் கட்சிக்கு எதிராகவே பேசினார். காங்கிரசை விட்டே விலக வேண்டியதாயிற்று. லோரியே சொன்னதும் ராஜாஜி சொன்னதும் நேர் எதிர்த் திசை. இருவருக்கும் கிடைத்த பட்டம் மட்டும் ஒன்று. 1948இல் அதே ராஜாஜி கவர்னர் ஜெனரல்.

போர் நேரத்தில் மாற்றுக்கருத்து சொன்னவரை என்ன பாடு படுத்துவார்கள் என்று நம் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு முன்னாள் தலைவர் வாயைத் திறக்கும்போது, முத்திரை குத்துமுன் மூன்று விஷயம் பார்க்கலாம் என்பேன். களத்தில் நிற்கும் சிப்பாயைக் கைவிடச் சொல்கிறாரா? மக்களைக் கேளுங்கள் என்கிறாரா, இல்லை என்னைக் கேளுங்கள் என்கிறாரா? தோற்றால் முடிவை ஏற்றுக்கொள்வாரா? லோரியே மூன்றிலும் தேறினார். அடுத்து வரும் ஐந்து டாலர் நோட்டில் டெர்ரி ஃபாக்ஸ் இருப்பார் என்று 2024 டிசம்பரில் அரசு அறிவித்துவிட்டது. இப்போதைய நோட்டு கையில் புழங்கும்போதே வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். குறிப்பாக, வாக்கு பறிபோன அந்த விவசாயிகளின் பகுதியை விட்டுவிடாதீர்கள்.