தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு



நான் அவிநாசியில் வாலிபனாக இருந்த நாட்களில் கபடி ஆடினவன். பாடிப் போகிற ஆள் அல்ல, பிடிக்கிற ஆள். பாடிப் போய்த் தொட்டு வருகிறவனுக்குத்தான் கைதட்டல். காலைப் பிடித்து மண்ணில் விழுகிறவன் பேரு வேடிக்கை பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எதிராளியைத் தடுத்து நிறுத்தியே பேர் வாங்கின டாக்டர் தாலிமெரன் ஆவோவின் ஜீவியம் என் உள்ளத்தைத் தொட்டது.

அவர் 1918 ஜனவரி 28-ல் நாகா மலையிலுள்ள சாங்கி கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சுபோங்வாதி நிங்தாரி ஒரு போதகர். 1935-ல் தகப்பனார் டைபாய்டு காய்ச்சலில் மரித்துப் போனார். மகன் டாக்டருக்குப் படித்து, சொந்த ஜனங்களுக்கு உதவ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அப்போது தாலிமெரனுக்கு வயசு 17. அந்த ஆசையை அவர் தன் வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

கவுகாத்தி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைக்கு அதற்கு ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று பேர். படிக்கும்போதே, பேர்பெற்ற மோகன் பகான் அணியில் கால்பந்து ஆடினார். எதிரணி கொண்டுவருகிற பந்தை மறித்து, தன் ஆட்களுக்கு முன்னால் அனுப்புவதே அவர் வேலை. கோல் போடுகிறவன் வேறொருவன். ஆனாலும் அந்த அணி அவரைத் தலைவராக்கியது பாருங்க!

1948-ல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. துவக்க நாளில் நம்முடைய தேசக்கொடியைப் பிடித்து நடந்தவர் இந்தப் போதகர் மகன்தான். கால்பந்து அணிக்கும் அவரே தலைவர். ஜூலை 31-ல் பிரான்சோடு ஆட்டம். நம்ம ஆட்களில் அநேகர் வெறுங்காலோடு இறங்கினார்கள். நமக்காக ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாய்ப் போயின. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட, 2-1 என்று தோற்றோம். ஏன் பூட்ஸ் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, கால்பந்து என்றால் காலால் ஆடுவதுதானே என்கிற அர்த்தத்தில் சிரித்துக்கொண்டே பதில் கொடுத்தாராம்.

பிரியமானவர்களே, சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. லண்டனில் அர்செனல் அணி தங்களோடு ஆட அவரை அழைத்ததாகச் சொல்லுகிறார்கள். முப்பது வயசு, உலகமே கைதட்டுகிற இடம். நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? அவரோ கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு நாகா மலைக்கே போய் கோஹிமாவில் அரசு மருத்துவராக வேலை செய்தார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கு இயக்குநராகவும் இருந்தார். 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ல், 80-வது வயசில் மரித்தார். நூறு வருஷம் ஆனபோது, 2018-ல், இந்தியத் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. என் தகப்பனாரும் சாகிறபோது என்னிடம் ஒன்று கேட்டார். தங்கச்சியைப் படிக்க வை என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் பத்தாவது முடித்த கையோடு அவளை பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக் கஷ்டம் என்று காரணம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பாரம்.

இந்த டாக்டரின் கதையை வாசித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜெபித்துவிட்டு, விடிந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அந்தப் பீஸை நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தங்கச்சி இழந்த வருஷங்கள் அதனால் திரும்பி வராது, அது எனக்குத் தெரியும்.

அருமையான வாலிபப் பிள்ளைகளே, கைதட்டல் ஒரு சாயங்காலத்தோடு முடிந்துபோகும். பெற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு உங்கள் நெஞ்சில் கிடக்கிறதா? கஷ்டமானாலும் அதை நிறைவேற்றிவிடுங்கள். என்னைப்போலக் காலம் கடந்தவர்களும் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

கர்த்தர்தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.